கருவறைக்கு மின்விளக்கு எதற்கு?

நம் நாட்டுத் தமிழர் ஆலயங்களில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக நடைபெற்று வரும் திருப்பணிகளை எண்ணிப் பார்க்கும் எவரும் பெருமிதம் கொள்ளவே செய்வர். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த கோயில்கள் இன்று சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரங்களோடு நிமிர்ந்து நிற்கின்றன. தமிழகத்திலிருந்து சிற்பிகள் வருகின்றனர். குடமுழுக்கு மலர்கள் வண்ணப் படங்களோடு வெளியாகின்றன. கட்டியது, திருத்தியது, நன்கொடை அளித்தது யாவும் அம்மலர்களில் பட்டியலிடப்பட்டிருக்கும். இழந்தது எதுவும் அவற்றில் இடம் பெறுவதில்லை. நாம் இழந்த ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. ஆலயத்தின் உள்ளிருந்த இருளையும், அவ்விருளின் நடுவே நின்ற விளக்கொளியையும் நாம் இழந்துவிட்டோம். கள்வர் கொண்டு போகவில்லை. அயலார் வந்து அழிக்கவும் இல்லை. நாமே பணம் திரட்டி, ரசீது கொடுத்து, ஆள் வைத்து அகற்றினோம்.

பட்டர்வொர்த்திலும் அதன் சுற்று வட்டாரத்திலும் உள்ள ஆலயங்கள் பலவற்றுக்கும் சென்று வருபவன் நான். பெயர் கூறி எவரையும் புண்படுத்தும் எண்ணம் எனக்கில்லை; நிலைமை ஏறத்தாழ எங்கும் ஒன்றே. மகா மண்டபத்தின் மேற்கூரையில் வரிசை வரிசையாகக் குழல் விளக்குகள். நம் மக்கள் மலாய்ச் சொல்லாலேயே 'கலிமந்தாங்' என்று குறிப்பிடும் அதே விளக்குகள். மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் மீன் சந்தையிலும் எரிகின்ற அதே விளக்குகள். சில இடங்களில் அவற்றைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். அர்த்த மண்டபத்தில் மேலும் இரண்டு. கருவறைச் சுவரிலே வெண்ணிறப் பீங்கான் ஓடு. அம்பாளின் திருமுடிக்குப் பின்னால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுழன்று சுழன்று எரியும் சர விளக்கு. இவை அனைத்துக்கும் கீழே, எவர் கண்ணிலும் படாமல், ஒரு தூண்டாமணி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எரிகிறதா அணைந்துவிட்டதா என்பதை அருகில் சென்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். குழல் விளக்கின் கண்ணாடி மீதே 'உபயம்' என்று தொடங்கி, நன்கொடையாளர் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் வரை சிவப்பு மையில் எழுதி, கொடுத்த வெளிச்சத்தில் பாதியைப் பெயராலேயே மறைத்துவிடும் வழக்கத்தை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேலி செய்யாத தமிழரும் இல்லை. கைவிட்ட தமிழரும் இல்லை.

இவ்விடத்தில் ஒல்லாந்து நாட்டு ஓவியங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் வாசகர் வியக்கலாம். தமிழனின் கோயிலுக்கும் ஒல்லாந்தனின் தேவாலயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது, அதுவும் இந்நாட்டிலேயே இருக்கிறது. 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதன் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 82 அடி நீளம், 42 அடி அகலம், 40 அடி உயரம் கொண்ட அக்கூடத்தின் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் இழைக்கப்பட்டவை. அதே ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், அவர்கள் அளித்த நிலத்தில்தான், 1781இல் மலாக்காச் செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டியார் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பினார். ஒரே ஊரில், ஒரே ஆட்சியின் கீழ், சுவரைத் திறந்து ஒளியை உள்ளே விட்ட வழிபாட்டு மரபு ஒன்றும், சுவரை மூடி உள்ளே ஒரு விளக்கை ஏற்றிய மரபு ஒன்றும் அருகருகே இருந்தன. இரண்டையும் பார்க்கும் வாய்ப்பு நம் முன்னோருக்கு இருந்தது. நமக்கும் இருக்கிறது. பேருந்து ஏறிச் சுற்றுலா சென்று, சிவப்புச் சுவரின் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பி விடுகிறோம்.

அத்தேவாலயத்தைப் பற்றி இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலேயர் கைக்கு மலாக்கா வந்த பின்னர், ஒல்லாந்தர் வைத்திருந்த சன்னல்கள் சிறியனவாக்கப்பட்டன. ஆகவே இன்று நாம் உள்ளே நின்று காண்கின்ற வெளிச்சம் 1753இல் அதைக் கட்டியவர்கள் கண்ட வெளிச்சம் அன்று. சுவர் அதுவே, உத்தரமும் அதுவே, ஒளி வேறு. ஒளி மாறினால் கட்டடமே மாறிவிடுகிறது என்பதை நம்ப மறுப்பவர்கள் அங்கே சென்று, அந்தச் சன்னல்கள் முன்பிருந்த அளவில் திறந்திருந்தால் அந்தக் கூடம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்க்கட்டும்.

ஒல்லாந்திலே பதினேழாம் நூற்றாண்டில் தேவாலயத்தின் உட்புறத்தை வரைவதையே தொழிலாகக் கொண்ட ஓவியர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுள் தலையாயவர் பீட்டர் சான்ரெடாம். 1597இல் அசென்டெல்ப்ட் என்னும் சிற்றூரில் ஒரு செதுக்கோவியரின் மகனாகப் பிறந்து, ஹார்லெம் நகரில் வாழ்ந்து, 1665இல் மறைந்தவர். அவர் தேவாலயங்களுக்குள் சென்று தூணுக்கும் தூணுக்கும் உள்ள தொலைவை அளந்தார். வளைவின் உயரத்தைக் குறித்தார். நின்ற இடத்தையும் நாளையும் தாளில் எழுதி வைத்தார். 1636இல் உத்ரெக்ட் நகருக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கி அங்குள்ள தேவாலயங்களை வரைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்குள்ள பூர்கெர்க் தேவாலயத்தில் போட்ட கோட்டோவியம் ஒன்றை வைத்துக்கொண்டு, எட்டாண்டுகள் கழித்து 1644இல்தான் அதை வண்ண ஓவியமாகத் தீட்டி முடித்தார். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில், வானளாவிய வெண்தூண்களின் அடியிலே ஒரு சிறுவன் சுவரில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் நாயோடு விளையாடுகிறான். ஆசிரியனாகிய நான் அந்தப் படத்தின் அச்சுப் பிரதியில் முதலில் பார்த்தது அந்தச் சிறுவனைத்தான் என்று சொன்னால் எவரும் வியப்படைய மாட்டார்கள். ஆயினும் படம் அவனைப் பற்றியது அன்று. அப்படத்தில் கதை இல்லை, தெய்வ உருவம் இல்லை. ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குச் செல்லும்போது வெள்ளை எவ்வாறு வெண்ணெயின் நிறமாகவும், பின்னர்ச் சாம்பலாகவும் மாறுகிறது என்பதே படம்.

வெறும் சுவரை ஏன் ஒருவன் எட்டாண்டுகள் மனத்தில் சுமக்க வேண்டும்? அதற்குக் காரணம் உண்டு. 1566இல் அந்நாட்டிலே படிமங்களை உடைக்கும் கலகம் மூண்டது. பின்னர்த் தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வினியர் வசமாயின. உருவங்கள் அகற்றப்பட்டன, சுவரோவியங்களின் மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. கண்ணுக்குக் காட்ட எந்த உருவமும் எஞ்சாத அந்த இடத்தில் எஞ்சியது ஒளி ஒன்றே. ஆகவே அவர்களின் ஓவியர் அதை வரைந்தனர்.

டெல்ப்ட் நகரிலும் பின்னர் ஆம்ஸ்டர்டாமிலும் வாழ்ந்த இமானுவேல் தெ வித்தே இன்னொரு வகையினர். சான்ரெடாமைப் போல் முழம் போட்டு அளப்பவர் அல்லர். இரு தேவாலயங்களின் பகுதிகளை இணைத்து இல்லாத தேவாலயம் ஒன்றைப் படைக்கவும் தயங்காதவர். அவர் படங்களில் முன்புறம் இருண்டிருக்கும். ஒரு தூணின் நடுப்பகுதியில் மட்டும் வெயில் ஒரு துண்டாக விழுந்திருக்கும். தரையில் புதிதாகத் தோண்டிய புதைகுழி, அருகில் நாய், பேசிக்கொண்டு நிற்கும் மக்கள். அந்த வெயில் துண்டு இன்னும் கால் மணி நேரத்தில் நகர்ந்துவிடும் என்ற எண்ணம் பார்ப்பவனுக்கு உண்டாகும். ஹார்லெமும் ஆம்ஸ்டர்டாமும் நிலநடுக்கோட்டிலிருந்து 52 பாகை வடக்கே உள்ளவை. குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் நண்பகலிலும் கதிரவன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 14 பாகையே எழுகிறது. அதனால்தான் அங்கே வெயில் சன்னல் வழியே சாய்ந்து வந்து தூணைத் தொடுகிறது.

தெ வித்தே 1680இல் வரைந்த ஒரு படத்தைப் பற்றி நம் ஆலய நிர்வாகத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அது தேவாலயம் அன்று. ஆம்ஸ்டர்டாமில் போர்த்துக்கீசிய யூதர்கள் 1675இல் கட்டி முடித்த தொழுகைக் கூடம். அக்கூடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தும் அதனுள் மின்விளக்கு இல்லை. பகலில் 72 சன்னல்களின் ஒளி. இருட்டிய பின் பித்தளைக் கொத்து விளக்குகளில் ஏறத்தாழ ஆயிரம் மெழுகுத்திரிகள். உலகின் செல்வம் மிக்க நகரங்களுள் ஒன்றில், மின்சாரம் எளிதாகக் கிடைக்கும் ஊரில், ஒரு சிறுபான்மைச் சமுதாயம் தன் முன்னோர் ஏற்றிய முறையிலேயே ஒளியை ஏற்றி வருகிறது. அவர்கள் பிற்போக்கானவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. நாமும் இந்நாட்டில் ஒரு சிறுபான்மைச் சமுதாயமே.

இனி, என் சொற்களையே எனக்கு எதிராகத் திருப்புவோர் இருப்பர். 'ஒல்லாந்தன் தன் தேவாலயத்துக்கு வெள்ளையடித்தான். நாமும் வெள்ளை ஓடு பதித்தோம். இதில் என்ன குற்றம்?' என்பர். குற்றம் இதுதான். அவன் உருவத்தை அகற்றிவிட்டு வெள்ளையடித்தான். நாம் உருவத்தை வைத்துக்கொண்டே வெள்ளையடிக்கிறோம். அங்கே சுவரும் ஒளியும் பேசலாம். குறுக்கே பேச எதுவும் இல்லை. இங்கே கருங்கல்லில் அமைந்த மூர்த்தத்துக்குப் பின்னால் பளபளக்கும் ஓடு நின்றால், பார்ப்பவன் கண் முதலில் ஓட்டுக்குத்தான் செல்லும். மூர்த்தம் வெறும் நிழலுருவாய் நிற்கும். அந்நிழலைப் போக்குவதற்காக முன்னால் இன்னொரு விளக்கு. அந்த விளக்கு ஓட்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் என்பதற்காகப் பக்கத்தில் மற்றொன்று. இப்படித்தான் ஒன்று நான்காகிறது. நான்கு எரிந்தும் அம்பாளின் முகம் தெளிவதில்லை.

நம் ஆலயத்தின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பினாங்கு ஐந்தரைப் பாகையில் உள்ள ஊர். ஆண்டுக்கு இருமுறை கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். மற்ற நாள்களிலும் அதிகம் விலகுவதில்லை. இங்கே சாய்ந்த வெயிலுக்குப் பெரும்பாலும் வழியில்லை. மேலிருந்து கொட்டும் வெயில் பிராகாரத் தரையில் பட்டு, அங்கிருந்து எதிரொளித்துத்தான் மண்டபத்துக்குள் புகுகிறது. அதாவது நம் மண்டபத்தில் வெளிச்சம் கீழிருந்து மேலே செல்கிறது. தூணின் அடி துலங்கும், மேற்கூரை மங்கும். மகா மண்டபத்தைக் கடந்து அர்த்த மண்டபத்தை நெருங்கும்போது அதுவும் குறையும். கருவறைக்குச் சன்னல் கிடையாது, ஒரே வாயில். ஜோர்ஜ் டவுனில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் நிற்கும் குயின் வீதியின் நண்பகல் வெயிலை எண்ணிப் பாருங்கள். அத்தகைய வெயிலிலிருந்து ஓர் ஆலயத்தினுள் நுழையும் மனிதனின் கண்ணுக்கு என்ன நேர்கிறது? கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரை இருளுக்குப் பழகப் பத்து நிமிடம் வேண்டும். முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும். கால் கழுவுவதும், கொடிமரத்தடியில் விழுந்து வணங்குவதும், பிள்ளையாரைக் கும்பிட்டுப் பிராகாரத்தை மும்முறை வலம் வருவதும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடித்து அவன் மூலவர் முன்னே வந்து நிற்கும் வேளையில், ஒரே ஒரு திரியின் ஒளி அவன் கண்ணுக்குப் போதுமானதாகிவிடுகிறது. நம் வழிபாட்டு ஒழுங்கே கண்ணைப் பதப்படுத்துகிறது. நாமோ வாயிலிலிருந்து கருவறை வரை ஒரே வெளிச்சத்தைப் பரப்பி, நடந்து சென்றாலும் ஓடிச் சென்றாலும் ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டோம்.

அந்தத் திரியின் ஒளி எத்தகையது? எண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 1900 கெல்வின். 'பகலொளி' என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டு விற்கும் குழல் விளக்கினுடையது 6500 கெல்வின். முன்னது பொன்னிறம், பின்னது நீலம் பாய்ந்த வெண்மை. பல்லாண்டுகள் எண்ணெய்க்காப்புக் கண்ட கருங்கல், சுடரின் எதிரே ஒளியை உள்வாங்கிக்கொண்டு, நெற்றியின் மேடு, மூக்கின் நுனி, தோளின் வளைவு ஆகிய இடங்களில் மட்டும் அதைத் திருப்பி அனுப்பும். காற்றில் சுடர் அசைந்தால் அவ்வொளியும் இடம் மாறும். மூர்த்தம் மூச்சு விடுவதுபோல் நம் பாட்டிமார் உணர்ந்தது இதனால்தான். இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள், எண்ணெய் பூசிய கருங்கல்லின் முன்னே அகல் விளக்கு ஒன்றை ஏற்றி வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

தீபாராதனையை எடுத்துக்கொள்வோம். திரை விலகியதும் குருக்கள் அடுக்குத் தீபத்தை எடுத்துத் திருமுகத்தின் எதிரே காட்டுகிறார், திருமார்புக்கு இறக்குகிறார், திருவடி வரை கொண்டு செல்கிறார், மீண்டும் மேலே வட்டமிடுகிறார். தீபம் செல்லும் இடம் மட்டும் இருளிலிருந்து வெளிப்படுகிறது. இது வெறும் சடங்கு அன்று, காட்டும் முறை. குழந்தைக்கு எழுத்தைச் சுட்டிக் காட்டும் ஆசிரியரைப்போல, குருக்கள் விளக்கால் சுட்டிக் காட்டுகிறார். எல்லாம் ஏற்கெனவே பளிச்சென்று தெரிகின்ற இடத்தில் அவர் எதைக் காட்டுகிறார்? பட்டப்பகலில் கைவிளக்கு ஏந்தி நிற்பவர்போல் அவரை ஆக்கிவிட்டோம். தீபாராதனை நேரத்திலாவது குழல் விளக்குகளை அணைக்கக் கூடாதா என்றால், சில ஆலயங்களில் அந்நேரத்தில்தான் கூடுதலாக இரண்டைப் போடுகிறார்கள்.

விளக்கு ஏற்றுவதை நம் முன்னோர் எவ்வளவு பெரிய செயலாகக் கருதினர் என்பதற்குச் சான்றுகள் கல்லிலேயே இருக்கின்றன. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்று வரையறுத்து, அந்நெய்க்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று விதித்துள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. ஆடு சாகும், மூக்கும். ஆனால் எண்ணிக்கை குறையாது, விளக்கு அணையாது என்பது கருத்து. ஒரே விளக்கு, அதன் பின்னே ஒரு மந்தை, ஓர் இடையர் குடும்பம். அறுபத்து மூன்று நாயன்மார்களில் விளக்குத் தொண்டாலேயே பேறு பெற்றவர்கள் உண்டு. திருவாரூரில் குளத்து நீரால் விளக்கேற்றிய நமிநந்தியடிகள், எண்ணெய் வாங்கப் பொருளற்றுத் தம் குருதியாலேயே விளக்கெரிக்கத் துணிந்த திருவொற்றியூர்க் கலியநாயனார், புல்லும் தீர்ந்தபின் தலைமுடியையே திரியாக்கிய கணம்புல்லர் ஆகியோரை நம் மாணவர்கள் சமய வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். திருமறைக்காட்டில் அணையவிருந்த திரியைத் தற்செயலாகத் தூண்டிவிட்ட எலி மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது மரபுக் கதை. சுவரில் பொத்தானை அமுக்கியவருக்கு எந்தப் பிறப்பு வாய்க்கும் என்று அக்கதையை ஆக்கியவர்கள் சொல்லவில்லை.

நிர்வாகத்தினர் கூறும் மறுமொழிகள் எனக்குப் புதியவை அல்ல. முதியோர் தடுக்கி விழுவர் என்கிறார்கள். உண்மை, அவர்களுக்காகப் படிக்கட்டின் ஓரத்திலும் பிராகாரத்தின் அடிச்சுவரிலும் தரையை நோக்கிய சிறு மின்விளக்குகளை வையுங்கள். முதியோர் எவரும் கருவறைக்குள் நடமாடுவதில்லை. திருட்டுப் பயம் என்கிறார்கள். நடை சாத்திய பிறகு எத்தனை விளக்கு வேண்டுமானாலும் எரியட்டும். எண்ணெய்ப் புகை சுவரைக் கறுப்பாக்குகிறது என்கிறார்கள். ஆம், ஆக்கும், நல்ல எண்ணெயைப் பயன்படுத்தி, திரியை அளவாக வைத்து, நாள்தோறும் துடைத்தால் குறையும். கேரளத்துக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் ஸ்ரீகோவிலுக்குள் இன்றும் எண்ணெய் விளக்கே எரிகிறது. அவர்களுக்கும் சுவர் உண்டு, புகையும் உண்டு. ஒருவர் என்னிடமே கேட்டார்: 'நீங்கள் பள்ளிக்கூடத்தில் விளக்கைப் போடாமலா பாடம் நடத்துகிறீர்கள், ஐயா?' பள்ளியில் எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது; ஆகவே போடுகிறோம். கருவறையில் படிப்பதற்கு என்ன எழுதியிருக்கிறது, குழல் விளக்கின் மேலுள்ள நன்கொடையாளர் பெயரைத் தவிர?

சற்று ஆழமாகப் பேசுவோரும் உளர். இறைவனே ஒளி, தமிழன் சோதியை வணங்குபவன், இருளை விரும்புவது அறியாமையை விரும்புவதாகாதோ என்பர். வள்ளற்பெருமானையும் துணைக்கு அழைப்பர். அழைக்கட்டும். வடலூரில் 1872 சனவரி 25ஆம் நாள் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில் அவர் செய்தது என்ன? சோதியைக் கூடத்தின் நடுவே தொங்கவிட்டு நாள் முழுதும் எரியச் செய்தாரா? ஏழு திரைகளுக்குப் பின்னால் வைத்தார். ஒவ்வொரு திரையாக விலகிய பின்னரே அது தெரியும். ஒளியின் அருமையை அறிந்தவர் அதைத் திரையிட்டுக் காத்தார். ஒளியையே கடவுளாக வணங்கியவர் கட்டிய கூடத்துக்கு ஏழு திரை வேண்டியிருந்தது. நம் ஆலயத்துக்கு ஒன்றுகூட வேண்டாமா?

உண்மையான காரணம் வேறு என்று நான் கருதுகிறேன். அது படம் பிடிக்கும் கருவி. குடமுழுக்கு மலருக்குப் படம் வேண்டும். கைப்பேசிக்குப் படம் வேண்டும். 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, பூசைகளை நேரலையாக ஒளிபரப்பும் வழக்கம் பரவிற்று. வீட்டில் அடைபட்டிருந்த முதியோருக்கு அது ஆறுதலாக இருந்தது; அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒளிபரப்புக்காகக் கொண்டு வந்த விளக்குகள் அதன்பின் பல இடங்களில் இறங்கவே இல்லை. கருவிக்கு வேண்டிய வெளிச்சம் வேறு, கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் வேறு. இன்று கருவறை கருவிக்காகவே எரிகிறது. நேரில் வந்து நிற்கும் பக்தர் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்துவிட்ட வேற்றாள்போல் ஓரத்தில் நிற்கிறார்.

'தமிழகத்துக் கற்றளிகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். நம்முடையவை செங்கல்லும் சிமெந்தும்தானே' என்று வேறொரு கட்சியும் உண்டு. இவர்கள் தோட்டத்துக் கோயில்களை மறந்துவிட்டவர்கள். ரப்பர் மரங்களின் அடியிலே, லயன் வீடுகளுக்குச் சற்றுத் தள்ளி, நாலு முழச் சதுரத்தில் நின்ற மாரியம்மன் கோயிலில் கருங்கல் ஏது? பலகைக் கதவு, துத்தநாகக் கூரை, உள்ளே ஓர் அகல். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் அந்த ஒளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சென்றார்கள். இருளுக்குக் கருங்கல் வேண்டியதில்லை; மூன்று பக்கம் சுவரும், வீண் விளக்கு போடாத மனமும் இருந்தால் போதும்.

அத்தோட்டக் கோயில்கள் இன்று எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, பல இடிபட்டன; பல இடம் பெயர்ந்தன. இடம் பெயர்ந்தவை புதிய மண்டபமும் புதிய ஓடுமாக எழுந்தன. பழையது உள்ளே எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் என்ன சான்று? உத்ரெக்ட் நகரில் சான்ரெடாம் வரைந்த மாரியகெர்க் என்னும் தேவாலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் தூண் எவ்வளவு பருமன், எந்தச் சன்னலின் ஒளி எங்கே விழுந்தது என்பதை இன்று எவரும் அறியலாம். ஒருவர் 1636இல் அங்கே உட்கார்ந்து அளந்து வரைந்தார் என்பதால். நம் சமுதாயத்தில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. சிறுகதை எழுதுவோர்க்கும் பஞ்சமில்லை. கோயிலைப் பற்றி எழுதும்போது நாம் எழுதுவது தல வரலாறும், தலைவர்கள் பெயரும், திருவிழாக் கூட்டமும். உள்ளே நின்றபோது கண் என்ன கண்டது என்று எழுதியவரைத் தேட வேண்டியிருக்கிறது. எழுத்தாளர் சங்கத்தின் தொகுப்பிலே இதை எழுதுவதால் இக்குற்றச்சாட்டைச் சற்று உரத்தே சொல்கிறேன்.

பள்ளியில் நடைபெறும் தீபாவளி ஓவியப் போட்டியில் எங்கள் மாணவர் அனைவரும் விளக்கு வரைவார்கள். வெள்ளைத் தாளின் நடுவே ஓர் அகல், அதன் மேல் மஞ்சள் வண்ணத்தில் ஒரு சுடர், சுற்றிலும் சூரியனுக்குப் போடுவதைப்போல் நான்கைந்து கோடுகள். தாளில் எஞ்சிய இடமெல்லாம் வெள்ளை. அது எரிகிற விளக்காக ஒருபோதும் தோன்றாது. சுற்றிலும் கரியைப் பூசு, சுடர் நிற்கும் இடத்தை மட்டும் விட்டுவிடு என்று ஒரு மாணவனிடம் சொன்னேன். அவன் தயங்கினான், தாள் அழுக்காகிவிடும் என்றான். அவனை நான் குறை கூறவில்லை. சுற்றிலும் இருள் சூழ எரியும் விளக்கை அவன் எங்கும் பார்த்ததில்லை. வீட்டில் பூசையறையில் மின்விளக்கு, தெருவில் மின்விளக்கு. பார்த்திருக்கக் கூடிய ஒரே இடம் ஆலயம். அங்கும் நாம் அதை எடுத்துவிட்டோம்.

நான் கேட்பது பெரிதன்று. செலவு வைப்பதும் அன்று. மாறாக, மின்கட்டணம் குறையும். கருவறையிலும் அர்த்த மண்டபத்திலும் உள்ள மின்விளக்குகளையும் சர விளக்குகளையும் வழிபாட்டு நேரத்தில் அணைத்துவிடுங்கள். மகா மண்டபத்தின் விளக்குகளைப் பாதியாகக் குறையுங்கள். எஞ்சியவற்றை மூலவரை நோக்காமல் தரையை நோக்கித் திருப்புங்கள். அடுத்த பன்னிரண்டாம் ஆண்டுத் திருப்பணியில் கருவறைச் சுவருக்கு வெள்ளை ஓடு என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் அவ்வரியை அடித்துவிடுங்கள். ஏற்கெனவே பதித்தவற்றை உடைக்கச் சொல்லவில்லை. விளக்கை அணைத்தால் ஓடும் அடங்கிவிடும். திருப்பணி தொடங்குமுன், அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி மாணவர் சிலரை அழைத்து, காலை, உச்சி, மாலை மூன்று வேளையிலும் உள்ளே அமரச் செய்து, பார்த்ததை அளந்து வரையச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் பள்ளி தரும்.

நிர்வாகத்தார் மறுத்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் எவரும் எழுந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: கருவறைக்குள் எத்தனை மின்விளக்குகள் உள்ளன? எந்த ஆண்டுக் கூட்டத்தில் அவற்றைப் பொருத்தத் தீர்மானம் நிறைவேறியது? அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார்? பெரும்பாலான ஆலயங்களில் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால் விளக்கு வாங்கிய ரசீது கிடைக்கும், தீர்மானம் கிடைக்காது.